வேகவைத்தாலும் போகாத விஷம்: கழிமுகத்து நண்டும் சிப்பியும் சொல்லும் கன உலோகக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கிவந்தால் வீட்டில் என்ன செய்வோம்? மஞ்சள் போட்டு நாலு தண்ணி கழுவுவோம். சேறு போயிடும். நல்லா கொதிக்க வெச்சா கிருமியும் செத்துடும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் கவிச்சி வாடைகூடத் தெரியாது.

ஆனால், நண்டின் சதைக்குள்ளேயே ஈயமோ கேட்மியமோ இருந்தால்? கழுவினாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. ‘ஃப்ரெஷ்ஷா இருக்கா?’ என்று செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற நம் திறமை எதுவும் இங்கே உதவாது.

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் இது வெறும் சமையலறைக் கேள்வி இல்லை. அங்கே இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, பனை ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். விற்றது போக மீதி வீட்டுக் குழம்புக்கு. அதே நீர்ப்பரப்பின் மேலாகத்தான் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்களும் போகின்றன.

கன உலோகங்கள் கடல் உணவுக்குள் எப்படி வருகின்றன, எவ்வளவு வந்தால் ஆபத்து, யாருக்கு ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கன உலோகம்னா என்ன?

ஈயம், கேட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களையும், அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஆர்செனிக்கையும் பொதுவாகக் ‘கன உலோகங்கள்’ என்கிறோம். துத்தநாகம், செம்பு போன்றவையும் இந்தப் பட்டியலில் வரும். ஆனால் அவை நம் உடலுக்குச் சிறிதளவு தேவை. ஈயம், கேட்மியம், பாதரசம் மூன்றுக்கும் உடலில் எந்த வேலையும் இல்லை.

இவற்றின் முக்கியமான குணம், சிதையாது என்பது. பூச்சிமருந்துகூட வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் மெல்ல மெல்ல உடையும். ஈயம் ஈயமாகவே இருக்கும். தண்ணீரிலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து சிப்பிக்கு, சிப்பியிலிருந்து நமக்கு என இடம் மட்டும்தான் மாறும்.

நம் உடலுக்குள் வந்த பிறகு ஒவ்வொன்றும் ஒரு இடம் தேடிக்கொள்ளும். கேட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். அங்கே சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம். ஈயம் எலும்பில் போய் உட்காரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதரசத்தின் கொடிய வடிவமான மெத்தில் பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கருவில் இருக்கும் குழந்தையையும் விடாது.

ஏன் சிப்பிக்கு மட்டும் இவ்வளவு?

மட்டி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிரினங்கள் இரை தேடி எங்கும் போவதில்லை. இருந்த இடத்திலேயே தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு, மீதித் தண்ணீரை வெளியே விடும். நன்கு வளர்ந்த ஒரு சிப்பி ஒரே நாளில் பல பத்து லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டிவிடும்.

பாசியோடு சேர்த்து, தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களும் அதில் ஒட்டிய உலோகமும் உள்ளே போகும். உள்ளே வந்த கேட்மியத்தை சிப்பியின் உடலில் உள்ள ஒருவகைப் புரதம் இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் சிப்பி சாவதில்லை, நோய்வாய்ப்பட்டதுபோலத் தெரிவதும் இல்லை. தண்ணீரில் இருந்ததைவிடப் பல ஆயிரம் மடங்கு செறிவில் உலோகத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும்.

நாம் மீனைக் குடல் எடுத்துச் சாப்பிடுவோம். சிப்பியை அப்படி இல்லை. அதன் வயிறு, குடல் எல்லாம் சேர்த்துத்தான் வாயில் போடுகிறோம்.

இதே குணத்தை விஞ்ஞானிகள் நல்ல காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கடலோரத்தில் 1986 முதல் சிப்பிகளை எடுத்துச் சோதித்து, எந்தக் கரையில் என்ன மாசு என்று கண்காணித்து வருகிறார்கள். திட்டத்தின் பெயரே ‘மஸ்ஸல் வாட்ச்’. மஸ்ஸல் என்றால் சிப்பி. தண்ணீரை இன்று அள்ளிச் சோதித்தால் இன்றைய நிலவரம் மட்டுமே தெரியும். சிப்பியைச் சோதித்தால் கடந்த சில மாதங்களின் கணக்கே கிடைத்துவிடும்.

நண்டு, இறால் வடிகட்டி உண்பவை அல்ல. ஆனால் சேற்றைக் கிளறி இரை தேடுபவை. அவற்றின் உடலில் கல்லீரல் போல வேலை செய்யும் பகுதியில்தான் கேட்மியம் அதிகம் சேரும். நண்டு ஓட்டைத் திறந்ததும் தெரியுமே மஞ்சளும் பழுப்புமாக ஒன்று, அந்தப் பகுதிதான்.

எண்ணூரில் என்ன நடந்தது?

கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சந்தித்துக் கடலில் கலக்கும் இடம் எண்ணூர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எனச் சுற்றிலும் மீனவக் கிராமங்கள். அவற்றைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், கொஞ்சம் தள்ளி மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயன ஆலைகளும்.

கன உலோகக் கதையில் நிலக்கரிச் சாம்பலுக்குத் தனி இடம் உண்டு. இந்திய நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். நிலக்கரியில் இருந்த ஆர்செனிக், ஈயம், கேட்மியம், குரோமியம் ஆகியவற்றில் பெரும்பங்கு அந்தச் சாம்பலில் செறிந்து நிற்கும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்தன. சாம்பல் கழிமுகத்தில் படிந்து, ஆழமே குறைந்துபோன இடங்கள் உண்டு.

காட்டுக்குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் 2016ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். நிபுணர் குழு அமைக்கப்பட்டது, ஆய்வு நடந்தது. 2022 ஜூலையில் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சாம்பல் கசிவால் ஏற்பட்ட சேதத்துக்கு மின்வாரியம்தான் பொறுப்பு என்று சொல்லி, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டே இன்னோர் அடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. எண்ணெயின் முதன்மையான ஆபத்து அதிலுள்ள ஹைட்ரோகார்பன்கள்தான். கூடவே கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் இயல்பாகவே உண்டு. சிப்பி இவற்றையும் விட்டுவைக்காது.

மினமாட்டா: ‘எல்லா மீனும் விஷம்னு நிரூபிங்க’

இந்த விஷயத்தில் உலகம் படித்த மிகக் கசப்பான பாடம் ஜப்பானின் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் தள்ளாடித் துள்ளி விழுந்து செத்தன. அப்புறம் மனிதர்கள். கை கால் நடுக்கம், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறல், வலிப்பு. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

அதே ஆண்டு நவம்பரிலேயே குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இது ஏதோ கன உலோகத்தின் வேலை, மீனும் சிப்பியும் வழியாகத்தான் உடலுக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். 1957ல் அந்த வளைகுடாவின் மீனையும் சிப்பியையும் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமாக இருந்த பூனைகளுக்கும் நோய் வந்தது.

உடனே மீன்பிடிப்பைச் சட்டப்படி தடை செய்திருக்க வேண்டும், இல்லையா? அந்த மாகாண நிர்வாகம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்திடம் கேட்டது. ‘வளைகுடாவில் உள்ள எல்லா மீனும் சிப்பியும் விஷமாகிவிட்டன என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, எனவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது’ என்பதே பதிலின் சாரம்.

எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொன்ன அந்த ஒரு பதிலின் விலை மிகப் பெரியது. ஆலை அந்தக் கழிவை நிறுத்தியது 1968ல்தான். அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டில்தான். அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட நோயாளிகள் மட்டும் 2,200க்கும் மேல்.

இதில் நம்மூருக்கு நெருக்கமான இன்னொரு உண்மையும் உண்டு. நோயை வெளியே சொன்னால் மீன் விற்காது என்ற பயத்தில் மினமாட்டாவின் மீனவக் குடும்பங்கள் பலவும் வாயை மூடிக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்களே பாதிப்பை மறைக்க வேண்டிய நிலை.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஒரு சின்னக் கணக்கு

கேட்மியத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டி, சிப்பி வகைகளில் ஒரு கிலோ சதைக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு அதில் பாதி, 1 மில்லிகிராம். இந்தியாவிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வரம்புகள் வைத்திருக்கிறது.

இன்னொரு அளவும் உண்டு. ஒருவர் ஒரு மாதத்தில் எவ்வளவு கேட்மியம் வரை உட்கொள்ளலாம் என்பது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010ல் சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1.5 மில்லிகிராம்.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள். கோடெக்ஸ் வரம்பைச் சரியாகத் தொடும் சிப்பி, அதாவது கிலோவுக்கு 2 மில்லிகிராம் உள்ளது, உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 150 கிராம் சதை.

மாதம் ஒரு முறை சாப்பிட்டால், 0.3 மில்லிகிராம். மாத அளவில் ஐந்தில் ஒரு பங்கு. கவலைப்பட ஒன்றுமில்லை.

வாரம் ஒரு முறை என்றால், 1.2 மில்லிகிராம். அரிசி, காய்கறி வழியே தினமும் கொஞ்சம் கேட்மியம் வருவதையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால், 4.5 மில்லிகிராம். அளவைப் போல மூன்று மடங்கு.

20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்த மாத அளவே 0.5 மில்லிகிராம்தான். 250 கிராம் சதையில் அது முடிந்துவிடும்.

கவனியுங்கள், இந்த நான்கு பேரும் சாப்பிட்டது ‘வரம்புக்குள்’ இருக்கும், சட்டப்படி விற்கக்கூடிய அதே சிப்பிதான். உணவகத்தில் எப்போதாவது சாப்பிடும் ஐ.டி. ஊழியருக்கு அது பாதுகாப்பானது. கழிமுகத்தில் பொறுக்கி, அதையே அன்றாடக் குழம்பாக்கும் குடும்பத்துக்கு அப்படி இல்லை.

இதில் இன்னொரு சிக்கல், உடலில் இரும்புச் சத்து குறைவாக இருந்தால் கேட்மியத்தை உடல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதிகம் சாப்பிடுபவரே அதிகம் உறிஞ்சுபவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஈயத்துக்கு இப்படிக் கணக்கே போட முடியாது. முன்பு இருந்த வார அளவை அதே நிபுணர் குழு 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது. ஈயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்பதே இன்றைய நிலை.

செய்தியைப் படிக்கும்போது ஏமாறாமல் இருக்க

‘மீனில் விஷம், வரம்பைவிட 5 மடங்கு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. ஷேர் பண்ணுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, உலர் எடையா, ஈர எடையா? ஆய்வகங்கள் பெரும்பாலும் சதையை உலர்த்திப் பொடியாக்கி அளக்கும். சிப்பிச் சதையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். உலர்ந்த பொடியில் 5 மில்லிகிராம் என்றால், நாம் சாப்பிடும் ஈரச் சதையில் அது சுமார் 1 மில்லிகிராம்தான். உணவு வரம்புகள் எல்லாம் ஈர எடைக்கானவை. இதைக் குழப்பினால் ஐந்து மடங்கு பீதி இலவசம்.

இரண்டாவது, ஆர்செனிக் எந்த வடிவில்? கடல் உயிரினங்களில் இயல்பாகவே ஆர்செனிக் அதிகம். ஆனால் அதில் பெரும்பகுதி ஆபத்து குறைந்த கரிம வடிவம். நஞ்சான கனிம வடிவம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாத எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

அப்போ சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம். கடல் உணவு நல்ல புரதம். அதை மொத்தமாக விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. மீன் சந்தையில் கிடைக்கும் எல்லாமே எண்ணூர் கழிமுகத்திலிருந்து வருவதும் இல்லை. சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால் போதும்.

- எங்கே பிடித்தது என்று கேளுங்கள். கடலா, வளர்ப்புக் குளமா, ஆலைகள் சூழ்ந்த கழிமுகமா? சிப்பிக்கும் மட்டிக்கும் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.
- நண்டு ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள்-பழுப்புப் பகுதியைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். இறால் தலையை நீக்குங்கள். கணவாயின் உள்ளுறுப்புகளை முழுதாகச் சுத்தம் செய்யுங்கள்.
- ஒரே வகையை அடிக்கடி சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. சுறா போன்ற பெரிய மீன்களில் அதிகம்.
- சிகரெட் பிடிப்பவரா? புகையிலையும் மண்ணிலிருந்து கேட்மியத்தை இழுத்துக்கொள்ளும் செடிதான். நண்டை நிறுத்துவதற்கு முன்னால் அதை நிறுத்துங்கள்.

‘நல்ல தண்ணியில் ஒரு நாள் போட்டு வெச்சா சரியாயிடுமா?’ என்றும் கேட்கலாம். சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் வைப்பது பாக்டீரியாவைக் குறைக்கும் முறை. சதைக்குள் சேர்ந்த உலோகம் இறங்க வாரங்கள், மாதங்கள் ஆகும்.

யார் சோதிப்பது?

வெளிநாட்டுக்குப் போகும் கடல் உணவுக்குப் பரிசோதனை உண்டு. கேட்மியம் அதிகம் என்று இந்தியக் கணவாய்ச் சரக்கை ஐரோப்பிய நாடுகள் தடுத்த சம்பவங்களும் உண்டு. ஐரோப்பாவில் சாப்பிடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பறியில் விழுந்து, மாலையில் குழம்பாகும் இறாலுக்கு எந்த ஆய்வகமும் கிடையாது.

இதைப் பேசுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘எண்ணூர் மீன் விஷம்’ என்று எழுதினால் முதலில் நஷ்டப்படுவது சாம்பலைக் கொட்டியவர்கள் இல்லை. மீன் விற்கும் பெண்கள்தான். எழுதாமல் விட்டால் முதலில் நோய்வாய்ப்படப் போவதும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். பொத்தாம்பொதுவான பயமும் பொத்தாம்பொதுவான மௌனமும் அவர்களுக்குக் கேடுதான் செய்யும்.

இதற்கு வழி, இடம் வாரியாக, இனம் வாரியாகத் தொடர்ந்து சோதித்து முடிவை வெளியிடுவது. இந்தப் படுகையில் இந்த மாதம் சிப்பி எடுக்க வேண்டாம், அந்தப் பக்கம் எடுக்கலாம் என்று சொல்ல முடிந்தால், நல்ல சரக்கு விற்பவருக்கு நற்சான்றிதழ் கிடைக்கும். எடுக்கக் கூடாத நாட்களுக்கு இழப்பீடு கேட்கவும் ஓர் ஆவணம் கையில் இருக்கும்.

மினமாட்டாவில் வளைகுடாவின் வாயில் 1974ல் வலை கட்டி, மாசுபட்ட மீன் வெளியே போகாமல் தடுத்தார்கள். விஷச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள். பல ஆண்டுகள் மீனைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 1997ல், மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து வலையை அகற்றினார்கள். மீட்க முடியும். ஆனால் அதற்கு 23 ஆண்டுகள் பிடித்தது.

மணலியில் இன்று காற்று எப்படி இருக்கிறது என்று உங்கள் போனில் இப்போதே பார்த்துவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் கழிமுகத்தில் இந்த மாதம் எடுத்த சிப்பியில் கேட்மியம் எவ்வளவு என்பதையும் அதேபோல் பார்க்க முடிகிற நாளில், பறியோடு தண்ணீரில் இறங்கும் அந்தப் பெண்ணுக்கும் தன் பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.